3.22 ஜிபிஏ-வோடு கொழும்பில் வேலை தேடிய கதை

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கம்பஸுக்குப் போனவள் நான். கணக்கீட்டில் பெறுமானத்தேய்வு (சொத்து பழசாகப் பழசாக அதன் மதிப்பைக் குறைத்து எழுதுவது) எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதையே ஆங்கிலத்தில் கேட்டால் பேனா நின்றுவிடும். முதல் வருட ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி, 2.4.

அப்புறம் மூன்று வருடமும் 3.5 அளவில் எடுத்தேன். ஆனாலும் மொத்தமாகக் கூட்டிப் பிரித்தபோது 3.22தான் வந்தது. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 வேண்டும். முதலீட்டு நிறுவனங்களின் இணைய விண்ணப்பங்களில் அந்த 0.08தான் வாசற்படி. ஓரிடத்தில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்துவிட்டது. யாரும் வாசித்திருக்க வழியில்லை. நாலைந்து இடத்துக்கு அத்தனை பேர் போட்டியிடும்போது அவர்களுக்கும் ஒரு சல்லடை வேண்டும், புரிகிறது. ஆனால் எந்த வருடம் விழுந்தோம், எப்போது எழுந்தோம் என்பது அந்தச் சல்லடைக்குத் தெரியாதே.

3.22-ஐ 3.3 என்று போடச் சொன்னவர்களும் இருந்தார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெறுபேற்றுத் தாளைக் கேட்கும் நாளில் எல்லாம் போய்விடும். நான் 3.22 என்றே போட்டு, அதன் கீழே வருடவாரியாக நான்கு எண்களையும் எழுதினேன். முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்வதேசப் பரீட்சையான சிஎஃப்ஏயின் முதல் நிலையை இறுதி வருடத்திலேயே, 2019 டிசம்பரில் எழுதிப் பாஸாகியிருந்தேன். அதன் கட்டணம் எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. 'ஆக்செஸ்' என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பித்துக் குறைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது வேறு வழியில். கொழும்புப் பங்குச் சந்தையின் தளத்தில் கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் அறிக்கையை எடுத்து இரண்டு பக்க ஆய்வு எழுதி, முதலீட்டு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகளில் வேலை செய்பவர்களுக்கு நேரடியாக அனுப்பினேன். ஒரே ஒருவர் பதில் போட்டார்.

2021 மார்ச்சில் நேர்முகத் தேர்வு. விடியற்காலை பஸ்ஸில் ஏறி, கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,000 ரூபாயான சமயம் அது. "இது கணக்கில் எங்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்கள். உற்பத்திச் செலவு கூடும் என்றேன். "வேறு?"

வேலையை விடும்போது அம்மாவுக்குக் கிடைக்கவேண்டிய சேவைக்காலப் பணம் நினைவுக்கு வந்தது. வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. தாள் கேட்டு வாங்கி எழுதிக் காட்டினேன்: 22 வருடம் என்றால் 308 நாள். பழைய நாட்சம்பளம் 700 ரூபாய்ப்படி 2,15,600; புதிய 1,000 ரூபாய்ப்படி 3,08,000. ஒரு தொழிலாளிக்கே 92,400 ரூபாய் கூடுகிறது. இனி உழைக்கப்போகும் நாளுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே உழைத்த வருடங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கூடுதல். ஆகவே கம்பனியின் ஐந்தொகையில் (சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கில்) பொறுப்பு, அதாவது கொடுக்கவேண்டிய தொகை, ஒரேயடியாக ஏறும். கேள்வி கேட்டவர் தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் முதல் வருடத்தைப் பற்றிக் கேட்டார். மொழி மாறியதைச் சொன்னேன், சாக்குச் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். மத்தியானக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே ஓடிப்போய்ச் சொன்னேன்.