'எக்ஸ்டெர்னல் டேமேஜ்' என்று எழுத விடாதீர்கள்: ஒரு அலாய் வீலுக்கு மூன்று மாத இழுபறி

ஒருவழியாகக் காருக்குப் புது அலாய் வீல் (அலுமினியக் கலவைச் சக்கரம்) வந்துவிட்டது. மூன்று மாதம், சர்வீஸ் சென்டருக்கு ஐந்து நடை. அதில் மூன்று நடை வெறும் தண்டம். எல்லாவற்றுக்கும் காரணம் முதல் ஜாப் கார்டில் (புகாரையும் வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதும் தாள்) இருந்த இரண்டு சொற்கள்: 'எக்ஸ்டெர்னல் டேமேஜ்', அதாவது வெளியடியால் வந்த சேதம்.

பின் இடது சக்கரத்தில் காற்று 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) பிடித்தால் நான்கு நாளில் 26-க்கு இறங்கிவிடும். பஞ்சர் கிடையாது. வாரண்டி இன்னும் ஒரு வருடம் பாக்கி. சர்வீஸ் அட்வைசர் சக்கரத்தின் வெளிமுகத்தில் இருந்த ஒரு சிராய்ப்பைப் பார்த்தார். "பள்ளத்துல விட்ருப்பீங்க சார்" என்றார். சக்கரத்தைக் கழற்றாமலே அந்தச் சிராய்ப்பைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். இரண்டே நாளில் கம்பெனி நிராகரித்தது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். கம்பெனியில் வாரண்டி கிளெய்மைப் பார்ப்பவர் கண்ணில் சக்கரம் படுவதே இல்லை. டீலர் ஏற்றும் போட்டோவும் ஜாப் கார்டும்தான் அவருக்குத் தெரியும். ஆகவே புகார் கட்டத்தில் அறிகுறியை மட்டும் எழுத வையுங்கள்: எந்தச் சக்கரம், எத்தனை நாளில் எவ்வளவு இறங்குகிறது, பஞ்சர் இல்லை. காரணம் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. ஏற்கெனவே காரணத்தை எழுதிவிட்டார்களா? கையெழுத்துக்குப் பக்கத்தில் 'கழற்றிச் சோதிக்கவில்லை, இந்தக் காரணத்தை ஏற்கவில்லை' என்று எழுதி, அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்று போக நான்கே வழி: டயரின் ஓட்டை, வால்வு, டயர் ரிம்மில் உட்காரும் பீடு, ரிம்மின் உலோகம். நமக்கு வாரண்டி பேசுவது கடைசி வழிக்கு மட்டும். மற்ற மூன்றையும் கண் முன்னால் கழித்துக்கட்ட வேண்டும். காரில் மாட்டியபடி சோப்பு நுரை தடவுவது பிரயோஜனமில்லை, ரிம்மின் உள்வளையம் அப்போது கைக்கு எட்டாது. சக்கரத்தைக் கழற்றி, காற்றைக் கொஞ்சம் கூட்டி 40 வைத்து, தொட்டியில் முழுக்கி, தண்ணீர் அடங்கும்வரை பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பீடில் குமிழி வந்தால் டயரை இறக்கி, அமரும் இடத்தைச் சுத்தம் செய்து, மறுபடி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் அழுக்கும் துருவும்தான்.

எங்கள் சக்கரத்தில் பீடும் வால்வும் சுத்தம். ஸ்போக் வந்து ரிம்மோடு சேரும் தடித்த இடத்தின் பின்னால், கடுகில் பாதிகூட இல்லாத ஒரு புள்ளியிலிருந்து குமிழி ஒன்றன்பின் ஒன்றாக, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நூல் பிடித்து ஏறியது. சுற்றிலும் அடியும் இல்லை, நெளிவும் இல்லை. கார் நம்பர், சக்கரத்தின் பின்புற முத்திரை, குமிழி மூன்றும் ஒரே வீடியோவில், நடுவில் நிறுத்தாமல் எடுத்தோம். பிறகு எல்லாவற்றுக்கும் கைகொடுத்தது அந்த ஒரு நிமிட வீடியோதான்.

இது வார்ப்புக் குறை. உருகிய அலுமினியத்தில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன், ஆறும்போது நுண்துளைகளாக நின்றுவிடும். தடித்த இடங்கள் கடைசியில் ஆறிச் சுருங்குவதால் அங்கே துளைகள் கூடுதல். அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் காற்றுக்கு வழி. "அப்படியானால் முதல் நாளே இறங்கியிருக்க வேண்டுமே" என்று நிச்சயம் கேட்பார்கள். பெயின்ட் பூச்சு துளையை அடைத்திருக்கும், ஓட ஓட அது விட்டுப்போகும். இதுதான் பதில்.

அடி வாங்கிய ரிம் வேறு மாதிரி இருக்கும். உள்விளிம்பு நெளிந்திருக்கும், விரிசல் விளிம்பிலிருந்து தொடங்கும், பெரும்பாலும் டயரின் பக்கச் சுவரும் வீங்கியிருக்கும். ஆகவே டயல் கேஜ் வைத்து ரன்அவுட் (சுற்றும்போது ரிம் எவ்வளவு ஆடுகிறது என்பது) அளந்து, அந்த எண்ணை ஜாப் கார்டில் ஏற்றச் சொல்லுங்கள். சர்வீஸ் மேனுவல் வரம்புக்குள் இருந்தால் பள்ளக் கதை நிற்காது. சிராய்ப்பை மறைக்க வேண்டாம். அது வெளிமுகத்தில், கசிவு உள்ளே என்று நாமே காட்டிவிடுவது நல்லது.

வெளியே கொடுத்து வெல்டிங் வைப்பது, நெளிவு எடுப்பது, சீலன்ட் ஊற்றுவது, மூன்றும் கிளெய்முக்குச் சமாதி. சூடு காட்டினால் ரிம்மின் பலமும் போகும்.

(பூச்சு உரிந்து, அடியில் புழு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடு வரும் கேஸ் தனி. ஆசிட் போட்டுக் கழுவியதால் வந்தது என்று உங்கள் தலையில் கட்டுவார்கள். வாஷ் அவர்களிடமே செய்திருந்தால் அந்த பில்களை எடுத்து வையுங்கள்.)

மறுபடி கேட்டோம். அந்த இரண்டாவது நிராகரிப்பையும் வாயால்தான் சொன்னார்கள். எழுத்தில் கேட்டதும் ஒரு வாரம் சத்தமே இல்லை. கஸ்டமர் கேருக்கு போன் செய்வது வீண். சேசிஸ் எண், கிலோமீட்டர், ஜாப் கார்டு எண்கள், வீடியோ வைத்து ஒரே மெயில், டீலருக்கும் நகல். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தோம், மழுப்பலான பதில் வந்தது. அசைத்தது பதிவுத் தபாலில் போன நோட்டீஸ். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38-ஆம் பிரிவின்படி, பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடம் கேட்போம் என்று அதில் ஒரு வரி இருந்தது. பத்தாம் நாள் ஏரியா மேனேஜரே பேசினார்.

ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. வக்கீல் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கட்டணம் கொடுத்த விலையைப் பொறுத்தது: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. கெடு இரண்டு வருடம். "அடுத்த மாசம் பார்க்கலாம் சார்" என்பதை நம்பி அதைத் தின்னக் கொடுக்காதீர்கள்.

புது வீல் மாட்டிய வண்டியின் டெலிவரி அன்றும் ஒரு குழி. வண்டியைத் தருமுன்னே 'திருப்தி' கடிதத்தில் கையெழுத்து, பேலன்சிங்குக்குத் தனி பில். பில்லை மறுத்தோம், தள்ளினார்கள். பழைய வீலைக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் அதையும் கடைசியாக ஒரு படம் எடுத்தோம். புதியதன் பின்புறம் அளவும் ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து காரில் மாட்டும் முகம் தள்ளியிருக்கும் அளவு) மற்ற மூன்றோடு ஒத்துப்போகிறதா, வார்ப்புத் தேதி புதியதா, மறுபெயின்ட் அடித்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். கடிதத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வந்தோம். காலையில், வண்டி ஓடுமுன் காற்று பார்த்தோம். நான்காம் நாளும் 33. அதன் பிறகுதான் கையெழுத்து.