கரையில் கிடைக்கும் எட்டு மணி நேரம்: ஒரு கப்பல் பயண நாட்குறிப்பு

செப்டம்பர் 7, சனி. பார்சிலோனா

கப்பல் மாலை ஆறு மணிக்குக் கிளம்பியது. அறைக்கு வந்ததும் முதலில் கையில் எடுத்தது கரைச் சுற்றுலாப் பட்டியலைத்தான். லிவோர்னோ, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ், கட்டாகொலோன், சாந்தோரினி, குஷாதாசி என்று வழியில் ஆறு துறைமுகங்கள். கடைசியில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இறங்குகிறோம். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாக்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

எல்லா ஊரையும் நாமே சுற்றிப் பார்ப்பது என்ற முடிவோடுதான் நான் கிளம்பினேன். கொடி பிடித்தவர் பின்னால் நாற்பது பேரோடு நடப்பது எனக்குப் பிடிக்காது. அம்மாவின் எண்ணம் வேறு. அவருக்கு வயது எழுபத்திரண்டு, இடது முழங்காலில் வலி. "நீ நடக்கிற வேகத்தில் திட்டம் போடாதே, நான் நடக்கிற வேகத்தில் போடு" என்றார். சரி, ஒவ்வொரு துறைமுகத்தையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

சாவி கொடுத்து ஓட்டும் தன் பழைய கைக்கடிகாரத்தை அம்மா கப்பல் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்துகொண்டார்.

செப்டம்பர் 9, திங்கள். லிவோர்னோ

நேற்று முழுநாளும் கடல். இன்று காலை எட்டு மணிக்கு லிவோர்னோ. பட்டியலில் இந்தத் துறைமுகத்தின் பெயரே ஃப்ளாரன்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஃப்ளாரன்ஸ் இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பீசா இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். அதோடு இன்று திங்கட்கிழமை. உஃபிட்சி, அக்காதெமியா இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் திங்கள் விடுமுறை. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையைப் பார்க்க முடியாத நாளில் மூன்று மணி நேரத்தைப் பஸ்ஸில் கழிப்பானேன் என்று பீசாவுக்கே போனோம்.

சரக்குத் துறைமுகம் என்பதால் கப்பலிலிருந்து வாசல் வரை நடக்க விடுவதில்லை. இணைப்பு பஸ்ஸில் ஊர் நடுவே போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ரயில் நிலையம். ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் பீசா. இந்த ரயில் தவறினாலும் கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்துவிடும் என்று தெரிந்தபோது மனம் எவ்வளவு லேசாகிவிட்டது! கோபுரத்தின் எதிரே புல்வெளி ஓரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் எழுப்பவில்லை. 1990-இல் மூடி, சாய்வைக் குறைத்து, 2001-இல் மறுபடி திறந்த கோபுரம் அது. நான் மட்டும் மேலே ஏறினேன். படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கின்றன. ஒரு சுற்றில் சுவர் நம்மைத் தள்ளுகிறது, அடுத்த சுற்றில் தன் பக்கம் இழுக்கிறது. இறங்கி வந்தபோது அம்மா ஒரு சிறுமிக்குத் தன் கடிகாரத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். குழுவோடு வந்திருந்தால் இந்த ஒரு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

செப்டம்பர் 10, செவ்வாய். சிவிட்டாவெக்கியா

ரோமின் துறைமுகம் என்கிறார்கள், ரோமுக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் போக வேண்டும். கொலோசியம், வத்திக்கான், மூன்று சதுக்கங்கள், மதிய உணவு எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்த ஒரு சுற்றுலா பட்டியலில் இருந்தது. படித்தபோதே எனக்கு மூச்சு வாங்கியது. ரயிலில் போகவும் வழி உண்டு. ஆனால் துறைமுக வாசல், அங்கிருந்து நிலையம், நிலையத்தில் படிக்கட்டுகள் என்று அம்மாவுக்கு அலைச்சல்.

பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஒரு நடுவழி இருந்தது. கப்பல் நிறுவனத்தின் பஸ் ரோமில் ஓரிடத்தில் இறக்கிவிடும், மாலையில் அதே இடத்தில் ஏற்றிக்கொள்ளும். நடுவில் உள்ள நேரம் நம்முடையது. வழிகாட்டி கிடையாது. நீண்ட தூரத் துறைமுகங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பஸ் நெரிசலில் சிக்கினாலும் கப்பல் காத்திருக்கும். புனித பேதுரு சதுக்கம், பிறகு டைபர் ஆற்றங்கரை வழியாக மெல்ல நடந்து பழைய ரோமானியக் கோவிலான பாந்தியன். இரண்டே இடங்கள்தான் பார்த்தோம். பாந்தியன் கூரையின் நடுவில் திறந்திருக்கும் வட்டத்தின் வழியே விழுந்த வெயில் சுவரில் நகர்வதை அம்மா கழுத்து வலிக்கும் வரை பார்த்தார். "மூடாமலே விட்டிருக்கிறார்களே, மழை பெய்தால்?" என்றார். தரையில் தண்ணீர் வடிவதற்காகப் போட்டிருக்கும் சிறு துளைகளைக் காட்டினேன். குனிந்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிவிட்டார்.

செப்டம்பர் 11, புதன். நேப்பிள்ஸ்

கை இன்னும் நடுங்குகிறது. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

நேப்பிள்ஸில் கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கிறது. சாலையைக் கடந்தால் காஸ்தெல் நுவோவோ கோட்டை. இரண்டு நாள் அனுபவம் தந்த தைரியத்தில் உள்ளூர் ரயிலில் பாம்பேய்க்குக் கிளம்பினோம். போவது எளிதாகத்தான் இருந்தது. நாற்பது நிமிடம் ரயில், இறங்கினால் அகழ்விடத்தின் வாசல்.

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை சாம்பலில் புதைத்த ஊர் அது. இன்னும் மூன்றில் ஒரு பங்கு தோண்டப்படவே இல்லை. தெருக்களில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடம் கல்லில் விரல் ஆழத்துக்கு ஓடுகிறது. தெருவைக் கடக்க நடுவில் உயரமான கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள், சக்கரம் நுழையச் சரியான இடைவெளி விட்டு. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தக் கற்களில் கால் வைத்துக் கடந்தார். அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று நான்தான் இழுத்துக்கொண்டே போனேன். கடைசியில் ஊரின் கிழக்கு ஓரத்தில் உள்ள வட்ட அரங்கு வரை வந்துவிட்டோம். அங்கே ஒரு வாசல் இருந்தது. அதன் வழியே வெளியே வந்தோம்.

நாங்கள் இறங்கிய ரயில் நிலையம் மேற்கு வாசலில் இருக்கிறது. வெளியேறிய பிறகுதான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். வெயில். அம்மாவின் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. கப்பலில் ஆறு மணிக்குள் ஏறிவிட வேண்டும். நாங்கள் மெல்ல நடந்து நிலையத்தை அடைவதற்குள் பிடிக்க நினைத்திருந்த ரயில் போய்விட்டது. அடுத்ததில் நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு இளைஞர் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார். அம்மா எதுவும் பேசாமல் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். நேப்பிள்ஸ் நிலையத்திலிருந்து டாக்சி. கப்பலின் ஏறுபாலத்தில் அட்டையைக் காட்டியபோது மணி ஐந்து முப்பத்தெட்டு.

தவறு முழுக்க என்னுடையது. தனியாகப் போனதில் பிழை இல்லை. அம்மாவின் வேகத்தில் திட்டம் போடுவதாகச் சொல்லிவிட்டு என் வேகத்தில் நடந்தேன், திரும்பும் வழியைப் பார்த்துவைக்கவில்லை. "பிடித்துவிட்டோம் இல்லையா, தூங்கு" என்கிறார் அம்மா. அவர் காலில் ஈரத்துணி சுற்றியிருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன். கடலில்

அம்மாவின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. காலையில் மேல்தளத்தில் உட்கார்ந்து, இனி வரும் துறைமுகங்களுக்கு வேறு மாதிரிக் கணக்குப் போட்டேன். இதுவரை, பார்க்கும் இடம் எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் கேட்டுவந்தேன். கேட்க வேண்டியது, திரும்பி வர எத்தனை வழி இருக்கிறது என்பதுதான். பீசாவுக்கு ரயில் இல்லையென்றால் பஸ், பஸ் இல்லையென்றால் டாக்சி. நேற்று ரயிலை விட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்தே வைக்கவில்லை.

கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்கவே முடியாத நிலை வந்தால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் கொண்டுசேர்ப்பார்கள். நாமாகப் போனவர்களுக்கு அந்தப் பொறுப்பை அவர்கள் ஏற்பதில்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கரையோரம் சாவோ தோமே தீவில் எட்டுப் பயணிகளை விட்டுவிட்டு ஒரு கப்பல் கிளம்பிப் போனது. அவர்கள் தனியார் சுற்றுலாவில் போயிருந்தவர்கள். நாடு நாடாகத் துரத்தி, காம்பியாவில் பிடிக்கலாம் என்று போனால் கப்பலால் அங்கே கரைக்கு வர முடியவில்லை. கடைசியில் செனகலின் டாக்கரில்தான் ஏறினார்கள். அவர்களில் முதியவர்களும் கர்ப்பிணி ஒருவரும் இருந்தார்கள். நேற்றைக்குப் பிறகு அந்தச் செய்தி என்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே நான் செய்தவை: தினமும் அறைக்கு வரும் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சாகியிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டேன். பாஸ்போர்ட் நகல், மருந்து, ஒரு வங்கி அட்டை மூன்றும் இனி எப்போதும் கைப்பையில். கப்பல் சொல்லும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுகம் வந்துவிடுவது.

சாப்பாட்டு மேசையில் எங்களோடு உட்காரும் தம்பதி எல்லா ஊரிலும் கப்பல் சுற்றுலாதான் எடுக்கிறார்கள். கணவருக்குக் காது சரியாகக் கேட்காது. வழிகாட்டியின் குரல் நேராகக் காதுக்கருவியில் வருவதால் இங்குதான் தனக்கு எல்லாமே கேட்கிறது என்றார். கொடி பிடித்துப் போகிறவர்களைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்துக்காக வெட்கப்பட்டேன்.

இன்று இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். கிரேக்க நேரம்.

செப்டம்பர் 13, வெள்ளி. கட்டாகொலோன்

ஒரே தெருவுள்ள சின்ன ஊர். பழங்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியா முப்பத்தைந்து கிலோமீட்டர். நேற்று கப்பலில் பழகிய இரண்டு குடும்பங்களோடு சேர்ந்து ஒரு வேனும், உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரும் ஏற்பாடு செய்தோம். வேன் அங்கேயே நிற்கும், கப்பல் நேரம் ஓட்டுநருக்குத் தெரியும், எட்டே பேர். கப்பல் குழுவும் அல்லாத, முழுத் தனிமையும் அல்லாத இந்த வழி அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வழிகாட்டி அவர் நடைக்கு ஏற்ப நடந்தார், நிழல் பார்த்து நிறுத்திப் பேசினார்.

ஓட்டப்பந்தயத் திடலில் கல்லால் ஆன தொடக்கக் கோடு அப்படியே இருக்கிறது. கால்விரல் ஊன்றுவதற்கு இரண்டு கீறல்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றார். எதிரே 192 மீட்டர் மண் தரை, யாருமில்லாமல். பள்ளியில் ஓட்டத்தில் பரிசு வாங்கியவர் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

செப்டம்பர் 14, சனி. சாந்தோரினி

இங்கே கப்பல் கரையோடு சேர்வதில்லை, கடலில் நிற்கிறது. சிறு படகில்தான் இறங்க வேண்டும். கப்பல் சுற்றுலாவுக்குப் பதிவுசெய்தவர்களுக்கே முதல் படகுகள். அதற்காகவே பதிவுசெய்திருந்தேன். படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பணியாளர்கள் அம்மாவின் முழங்கைகளைப் பற்றி, அலை மேலே தூக்கும் கணத்துக்குக் காத்திருந்து, "இப்போது" என்று சொல்லி ஏற்றினார்கள். அத்தினியோஸ் துறையில் பஸ் தயாராக நின்றது. ஓயா கிராமத்தில் கூட்டம் கூடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம்.

பதிவுசெய்யும்போது நான் கவனிக்காத ஒன்று உண்டு. சுற்றுலா ஃபிரா ஊரில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கீழே கடலுக்கு இறங்குவது அவரவர் பாடு. கேபிள் கார், அல்லது அறுநூறுக்குச் சற்றுக் குறைவான படிகள். மூன்று கப்பல்களின் கூட்டமும் அந்த ஒரே வரிசையில். கேபிள் கார் இறங்க எடுப்பது மூன்று நிமிடம், நாங்கள் நின்றது ஒரு மணி பத்து நிமிடம். கப்பலின் சுற்றுலா என்றால் கடைசி அடி வரை கைப்பிடித்து அழைத்துவருவார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற இரண்டு வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒன்றரை மணி நேர வழக்கம் இன்று எங்களைக் காப்பாற்றியது.

செப்டம்பர் 15, ஞாயிறு. குஷாதாசி

துருக்கியில் உள்ள எபேசுவுக்குக் கப்பல் சுற்றுலா. இதை எடுத்ததற்கு ஒரே காரணம், பழைய நகரம் மலைச்சரிவில் இருக்கிறது. சுற்றுலா பஸ் மேல்வாசலில் இறக்கிவிட்டு, கீழ்வாசலில் வந்து நின்று ஏற்றிக்கொள்கிறது. நாமாக மினிபஸ்ஸில் போனால் இறங்குவது கீழ்வாசல் பக்கம். ஏறிப்போய், அதே வழியில் திரும்பவும் வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாம். வழவழத்த பளிங்குத் தெருவில் என் கையைப் பிடித்தபடி கீழ்நோக்கியே நடந்தார். செல்சுஸ் நூலகம் தூரத்திலிருந்தே தெரிந்து, ஒவ்வொரு அடிக்கும் பெரிதாகிக்கொண்டே வந்தது. தன் தந்தையின் கல்லறை மேல் மகன் கட்டத் தொடங்கிய நூலகம் அது என்று கேட்டதும் அம்மா தலையைத் திருப்பி மறுபடி பார்த்தார்.

திரும்பும் வழியில் ஒரு கம்பளக் கடையில் முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். யாரும் கேட்காத நிறுத்தம். அந்த நேரத்தை எபேசுவின் அரங்கில் தந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வழிகாட்டியிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 16, திங்கள். பிரேயஸ்

பெட்டிகளோடு இறங்கிவிட்டோம். டாக்சியில் மெட்ரோ நிலையம், முதல் வழித்தட ரயிலில் மொனாஸ்திராக்கி. வெளியே வந்து நிமிர்ந்தால் ஏதென்ஸின் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸ். சதுக்கத்தின் ஓரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்த அம்மா வழக்கம்போல் கையைத் திருப்பி மணி பார்த்தார்.

"எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?"

"இன்றைக்குத் திரும்ப வேண்டியதில்லை அம்மா."

கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, செருப்பு வாரைத் தளர்த்திக்கொண்டார்.