விட்டுப்போன சொல்

தாதி சொன்னது இரண்டே வாக்கியம். எச்பிவி வைரஸ் பெரும்பாலும் உடலுறவின் வழியே தொற்றுகிறது. ஆண்களுக்கும் அதனால் தொண்டையிலும் ஆசனவாயிலும் ஆண்குறியிலும் புற்றுநோய் வரலாம். நான் தமிழில் சொன்னது: "இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற வைரஸ் அண்ணா. பிற்காலத்தில் புற்றுநோய் வராமல் தடுக்கத்தான் இந்த ஊசி."

தகப்பன் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த 15 வயது மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் அவனும் நானும்தான்.

உரைபெயர்ப்பாளர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மூலம், மலச்சிக்கல் என்று எதையும் நான் விழுங்கியதில்லை. வாய் நிறையத் 'தங்கச்சி' என்று அழைத்த மனிதரின் முன்னால், அதுவும் அவருடைய மகனை வைத்துக்கொண்டு, அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. வந்தாலும் எதைச் சொல்வது? 'உடலுறவு' நீதிமன்றச் செய்திகளில் படிக்கிற சொல். 'பாலியல்' என்றால் அடுத்து 'வன்முறை' வரும் என்று காது காத்திருக்கிறது. மிச்சமெல்லாம் வசவு. தாதியோ காய்ச்சல், தடிமன் என்பதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

சாக்குத்தான். ஆனாலும் வெறும் சாக்கு இல்லை. மகன் எட்டாம் ஆண்டில் படிக்கையில் இந்த ஊசிக்காகப் பள்ளி அனுப்பிய சம்மதப் படிவத்தில் தகப்பன் கையெழுத்திடவில்லை. உள்ளதைச் சொன்னால் "என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று எழுந்து போய்விடுவார் என நானே முடிவுகட்டினேன். பையனுக்கு ஊசி கிடைத்ததே, அது போதாதா?

போதும் என்று அன்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. விஷயத்தை விளங்கிக்கொள்ளும் பக்குவம் இருந்தால் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையும் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம் என்று 1985இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருக்கிறது. அவர் எழுந்து போயிருந்தாலும் இங்கிலாந்தில் அவனுக்கு ஒரு வழி இருந்தது. "அப்படிப்பட்டவன் இல்லை" என்றிருந்தால் தாதியிடம் பதிலும் இருந்தது: அதனால்தான் இப்போதே போடச் சொல்கிறோம், தொற்றுவதற்கு முன் போட்டால்தான் பலன் அதிகம். அந்தப் பதிலைத் தகப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேட்டிருப்பார்கள். யாரும் செத்துப்போயிருக்க மாட்டார்கள்.

அல்லது அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்ததோ? ஊசி போட்டு முடிந்ததும், "மூத்தவளுக்கும் பள்ளியில் இதைத்தானே போட்டார்கள்?" என்று கேட்டார். இங்கே பெண்பிள்ளைகளுக்கு 2008இலேயே தொடங்கிவிட்டது, ஆண்பிள்ளைகளுக்கு 2019இல்தான். மகளுக்கு ஒப்புக்கொண்டவர் மகனுக்கு மட்டும் தயங்கினாரா, இல்லை படிவம் எங்கேயாவது தொலைந்துதான் போனதா? நான் கேட்கவில்லை. வெட்கம் அவருடையது என்று நினைத்துத்தானே அதை மறைத்தேன்.

தாதி கொடுத்த துண்டுப்பிரசுரம் ஆங்கிலத்தில் இருந்தது. "வாசித்துச் சொல்லட்டுமா அண்ணா?" என்றேன், இந்தமுறை ஒன்றும் விடாமல் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

"வேண்டாம் தங்கச்சி. வீட்டில் மகன் வாசித்துச் சொல்வான்."

மகன் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான்.