நாற்பத்தாறாவது நாள்

2014 இலையுதிர் காலம். வாஷிங்டன் மாநிலத்தின் தலைநகரான ஒலிம்பியாவில், மூன்றே பேர் இருந்த ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்தில் நான் பாராலீகல். ஊரில் யாராவது கேட்டால் வக்கீல் குமாஸ்தா என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. ஒரு மழை நாளில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நனைந்துபோன ஒரு அட்டையை என் மேசைமேல் வைத்தார். உள்ளூர்த் தேர்தலுக்காக வீடு வீடாகத் தபாலில் வந்த பிரசார அட்டை. முன்பக்கம் சிரிக்கிற குடும்பம். பின்பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், செலவு செய்த குழுவின் பெயர். அந்தக் குழுவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று மாநிலத்தின் கணக்குப் பதிவுகளில் தேடினால் இன்னொரு குழுவின் பெயர் வருகிறது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை.

"யார் காசு என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா?" என்றார்.

இருந்தது. 1972-ல் அந்த மாநில மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் அது. தேர்தலில் செலவாகும் பணம் யாருடையது என்று கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அரசு வழக்குத் தொடரலாம். அரசு சும்மா இருந்தால் குடிமக்களே தொடரலாம். ஆனால் அன்றைய விதிப்படி, முதலில் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலுக்கும் மாவட்ட அரசு வழக்கறிஞருக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு இரண்டாவது நோட்டீஸ், இன்னும் 10 நாள். அதன்பின் போடும் வழக்கு மாநிலத்தின் பெயரில்தான் நடக்கும். ஜெயித்தால் அபராதம் அரசுக் கஜானாவுக்கு. வழக்குப் போட்டவருக்குச் செலவுத் தொகை மட்டும்.

நோட்டீஸ் தயாரித்தது நான்தான். கடிதத்தில் இருந்த தேதியிலிருந்து எண்ணி நாட்காட்டியில் 45-ஐ வட்டமிட்டேன். வக்கீலம்மா வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் வட்டத்தை அடித்துவிட்டு, "தபால் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணு. மேலே இரண்டு நாள் சேர்த்துக்கொள்" என்றார். இரண்டு நாளுக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தேன்.

பயத்துக்குக் காரணம் முந்தைய ஆண்டு நடந்தது. 2013-ல் அங்கே ஐ-522 என்று ஒரு முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது: மரபணு மாற்றிய உணவுப் பொருள்களில் அதைச் சொல்லும் லேபிள் ஒட்ட வேண்டும் என்று. எதிர்ப் பிரசாரத்துக்கு மளிகைப் பொருள் உற்பத்தியாளர் சங்கம் 1 கோடியே 10 லட்சம் டாலர் கொட்டியது. பெப்சிகோ, நெஸ்லே, கோக-கோலா போன்ற உறுப்பினர் நிறுவனங்களிடம் வாங்கிய பணம். வெளியே தெரிந்ததோ சங்கத்தின் பெயர் மட்டும். லேபிள் வேண்டும் என்ற தாய்மார்கள் குழு ஒன்று முதலில் நீதிமன்றம் போனது. காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று வழக்கு தள்ளுபடி. அதோடு விடவில்லை. எதிர்த்தரப்பு ஆன்ட்டி-ஸ்லாப் சட்டத்தைக் கையில் எடுத்தது.

ஸ்லாப் (SLAPP) என்பது ஒரு ஆங்கிலச் சுருக்கப் பெயர். காதில் கன்னத்தில் விழும் அறை மாதிரியே கேட்கும், பெயரும் பொருத்தம்தான். பொதுக் காரியம் பேசுகிறவரை வழக்குப் போட்டே வாயடைக்கப் பார்த்தால், அந்த வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய வழிசெய்யும் சட்டம் அது. நல்ல சட்டம். பண்ணையாரின் கேஸுக்குப் பயந்து ஊரே வாய் திறக்காத கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதன் அருமை தெரியும். ஆனால் 2010-ல் வாஷிங்டன் எழுதிய வடிவத்தில், தள்ளுபடி ஆனால் வழக்குப் போட்டவர் 10,000 டாலரும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவும் கட்ட வேண்டும். தேர்தல் பிரசாரம் பேச்சுதானே, அதனால் கேடயம் எதிர்த்தரப்பின் கைக்குப் போனது. தாய்மார்கள் குழுவுக்கு அபராதம்.

2013 அக்டோபரில் அட்டர்னி ஜெனரல் அதே சங்கத்தின்மேல் வழக்குப் போட்டார். அவருக்கு அந்தப் பயம் இல்லை. அரசு வழக்கறிஞர்கள் மக்கள் பாதுகாப்புச் சட்டங்களை அமல்படுத்தப் போடும் வழக்குக்கு இந்தக் கேடயம் செல்லாது என்று 2010 சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. குடிமகனும் மாநிலத்தின் பெயரில்தான் வருகிறார், ஆனாலும் விலக்குப் பட்டியலில் அவர் இல்லை. அன்று அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன். வழக்குச் செலவுக்கு அஞ்சாத அரசுக்குக் குடை கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியை மழையில் நிற்கிறார்.

தேர்தல் சட்டத்தை அமல்படுத்தும் வழக்குக்கு விலக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அட்டையில் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், அது பேச்சு. யார் காசு என்று சொல்லாமல் இருப்பது எப்படிப் பேச்சாகும்? ஆனால் குடிமக்கள் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடலாமா என்றால், பின்னாளில் தயங்கினேன். அதே மாநிலத்தில் ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் புகார் போட்டதையும் பார்த்தோம். முதல் தடவை போட்டியிடுகிற பள்ளிக் குழு வேட்பாளருக்கு அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் அதுவும் அறைதான். இரண்டு நோட்டீஸையும் கொடுத்து, முழுக் கெடுவும் காத்திருந்து வருகிறவருக்காவது விலக்கு இருக்கலாம் என்பது என் கணக்கு. வக்கீலம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "கெடு முடியும் வரை காத்திருக்கக் கெட்டவனுக்கும் தெரியும்" என்றார்.

அந்த 2010 சட்டம் நிலைக்கவில்லை. ஜூரி விசாரணை உரிமையைப் பறிக்கிறது என்று 2015-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. 2021-ல் வேறு வடிவில் புதுச் சட்டம் வந்தது. அட்டர்னி ஜெனரலின் வழக்கில் 2016-ல் 1 கோடியே 80 லட்சம் டாலர் அபராதம். 2022-ல் அதை உச்ச நீதிமன்றம் 5-4 என்று உறுதிசெய்தபோது சங்கம் பெயரையே மாற்றிக்கொண்டிருந்தது. ஐ-522 எப்போதோ தோற்றிருந்தது.

ஆசிரியைக்கு அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலிருந்து "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று ஒரு வரி பதில் வந்தது, அவ்வளவுதான். நாற்பத்தாறாவது நாள் காலை நான் அவரை அழைத்தேன். இரண்டாவது நோட்டீஸ் தயாராக இருக்கிறது, கையெழுத்து மட்டும் வேண்டும் என்றேன். 10,000 டாலர் விஷயத்தை வக்கீலம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. வீட்டுக் கூரை மாற்றுகிற வருடம் இது என்றார். அப்புறம், அந்த அட்டையைத் தபாலில் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டார்.