பதில் சொன்ன சனத்துக்கு அறிக்கை எப்போது போகும்?

யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டனுக்கு மேற்படிப்புக்கு வந்தபோது நான் எடுத்த பாடம் சர்வதேச அபிவிருத்தியும் மனிதாபிமானப் பணியும். அதில் ஒரு பகுதி, குழுவாகச் செய்கிற ஆலோசனைத் திட்டம். நாலைந்து மாணவர்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். ஒரு ஐ.நா. அமைப்போ தொண்டு நிறுவனமோ தன் வேலை பற்றி ஒரு கேள்வியைத் தரும். ரீ.ஓ.ஆர் என்கிற பணிவரையறையில் இரு பக்கமும் ஒத்துக்கொண்ட பிறகு, சில மாதங்கள் ஆராய்ந்து அறிக்கை எழுதி, அந்த நிறுவனத்தின் முன் விளக்கவேண்டும். லண்டன் ஸ்கூல் ஒஃப் இகனொமிக்ஸிலும் நியூயோர்க் கொலம்பியாவிலும்கூட இந்த முறை இருக்கிறது. நிறுவனத்துக்குக் குறைந்த செலவில் ஆய்வு, மாணவருக்கு வேலை அனுபவம்.

முதல் மாதங்கள் கடினமாகத்தான் போயின. ஈஸ்ட்ஹாமில் ஒரு அறை, மாணவர் விசாவில் அனுமதித்த வாரம் 20 மணித்தியாலத்துக்குள் கடை வேலை, மிச்ச நேரம் குழுக் கூட்டங்கள். சேர் கதைத்து முடிக்கும்வரை காத்திருந்து பழகிய எனக்கு, விரிவுரையாளரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு இடையில் மறுத்துப் பேசுவது லேசில் வரவில்லை. குழுவில் ஆபிரிக்கா, தென்னமெரிக்கா என்று வேலை செய்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டு இருப்பேன்.

ஸ்பியர் கையேடு படித்த கிழமைதான் என்னைப் பேச வைத்தது. தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து 1997 இல் தொடங்கிய முயற்சி அது. முகாம்களில் இருக்கவேண்டிய ஆகக்குறைந்த தரங்களைச் சொல்கிறது. ஆளுக்கு நாளுக்கு 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம், தலைக்கு 3.5 சதுர மீற்றர் கூரை நிழல். தண்ணீருக்கு 30 நிமிடத்துக்கு மேல் வரிசையில் நிற்கவைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது மல்லாகம் கோணாப்புலம் முகாமில். 1990 இல் போரால் மயிலிட்டியை விட்டு வந்த குடும்பம் எங்களது. அங்கே அம்மா குளிக்க வார்ப்பது அளந்துதான். அரிசி கழுவின தண்ணி மிளகாய்க் கண்டுக்குப் போகும். ஒரு கொட்டிலைச் சேலையால் மறைத்து இரண்டு குடும்பம் இருந்தோம். அந்தப் பக்கங்களை வாசிக்க எனக்குக் கோபம் வரவில்லை. எங்களைப்போன்ற சனத்தின் வாளியையும் வரிசையையும் யாரோ உட்கார்ந்து யோசித்து, உரிமை என்று எழுதி வைத்திருக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்தது. அன்றிரவு அம்மாவுக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா: "அப்ப உதை ஏன் அந்த நேரம் எங்களிட்ட ஒருத்தரும் சொல்லேல்லை?"

அடுத்த கூட்டத்தில் இதே கேள்வியை நான் குழுவிடம் வைத்தேன்.

எங்கள் திட்டமே, மயிலிட்டி இருக்கிற வலிகாமம் வடக்குக்கு, இடம்பெயர்ந்து போய்த் திரும்பிய குடும்பங்களின் வீடுகளைப் பற்றியதாக அமைந்தது. அந்தப் பக்கத்தில் பலர் இந்திய அரசின் உதவியில் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியவர்கள். குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய், கட்டங்கட்டமாக வங்கிக்கு வந்தது. வீட்டுக்காரரே நின்று கட்டுவிக்கவேண்டியிருந்தது. அது போதாமல் கடன்பட்டவர்கள் நிறைய. தெல்லிப்பழைப் பக்கம் ஒரு அம்மா எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டு, கடைப்பை ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தா. நிவாரண அட்டை, விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், சீமெந்து வாங்கின பில், ஓரம் கிழிந்த படிவங்கள். முந்தி வந்து கேட்டவர்கள் விட்டுப்போன கடதாசிகளும் அதற்குள் இருந்தன. "பிள்ளை, எல்லாரும் எழுதிக்கொண்டு போறியள். என்ன எழுதினதெண்டு ஒருக்காலும் தெரியாது."

ஆய்வு முறையில் இதற்கு இடமில்லை. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.ஈ.சி.டி, உதவித் திட்டங்களை எடைபோட வைத்திருக்கிற மதிப்பீட்டு அளவுகோல்கள் ஆறு; பொருத்தமா, பயனா, நிலைக்குமா என்றெல்லாம் கேட்கின்றன. பதில் சொன்னவரின் கைக்கு முடிவு போனதா என்று எதுவும் கேட்பதில்லை. 2014 இல் வந்த, உதவி நிறுவனங்களுக்கான மனிதாபிமான அடிப்படைத் தரம், சனத்துக்குத் தகவல் சொல்வதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆனாலும் எங்களுக்குத் தந்த பணிவரையறையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அறிக்கை உள்ளகப் பாவனைக்கு மட்டும் என்று நிறுவனம் சொன்னது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. ஒரு ஆளின் கடன் கணக்கைக் கேட்டு எழுதினால், அதை வைத்து என்ன முடிவுக்கு வந்தோம் என்பது அவருக்குச் சேரவேண்டியது.

குழு என்னோடு நின்றது. பேர்களை எடுத்துவிட்டு, தமிழில் நாலு பக்கச் சுருக்கம் தயாரித்து நிறுவனத்திடம் சம்மதம் வாங்கினோம். சனசமூக நிலையத்தில் வைத்து வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு மேசன் அண்ணை எழும்பி, "மணல் விலையை மட்டும் போட்டிருக்கிறியள், லொறிக்கூலி எங்கை?" என்றார். கணக்கு உடனே மாறியது. அத்திவாரத்திலேயே முதல் தவணைக் காசு முடிந்த காரணம் அப்போதுதான் முழுதாக விளங்கியது. இறுதி அறிக்கையில் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினோம்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வரப்போகிற மாணவக் குழுக்களுக்கு: அறிக்கையைத் திரும்பக் கொண்டுபோகும் நாளைப் பணிவரையறையிலேயே எழுதுவியுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. மொழிபெயர்ப்புச் செலவையும் அப்போதே சேருங்கள். சனசமூக நிலையத் தலைவரோடு முன்கூட்டியே கதையுங்கள். ஞாயிறு பின்னேரம் சனம் வரும். ஊர்க்கோயில் திருவிழா நாட்களில் வைக்கவேண்டாம்.