ஜிபிஎஸ் முடக்கத்தை விமானங்கள் வழியே பார்ப்பது: 1090 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரில் இதுவரை

ஜிபிஎஸ் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது அதன் வலு சுமார் −128 டிபிஎம்தான் (டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்து டெசிபெல்லில் அளக்கும் அளவு). எல்லாத் திசைக்கும் சீராக 10 வாட் இரைச்சலை அனுப்பும் ஒரு முடக்கும் கருவி (ஜாமர்) 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கட்டும். இடையில் மறைப்பு இல்லாவிட்டால் அந்த இரைச்சல் −96 டிபிஎம்மில் வந்து சேரும். வித்தியாசம் 32 டெசிபெல், அதாவது ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு மடங்கு. ட்ரோனும் வழிகாட்டு குண்டும் செயற்கைக்கோளை நம்பிப் பறக்கும் வரை போரில் எதிரி முதலில் கைவைக்கும் இடம் இது. அதன் தெறிப்பு களத்துக்கு வெளியேயும் விழுகிறது. 2024 ஏப்ரல் இறுதியில் ஃபின்ஏர் எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்கான சேவையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. அங்கே தரையிறங்கும் முறை ஜிபிஎஸ்ஸைச் சார்ந்திருந்தது.

இதைத் தொலைவிலிருந்து பார்க்க ராணுவக் கருவி எதுவும் வேண்டாம். பயணிகள் விமானம் ஏடிஎஸ்-பி என்ற தானியங்கி அறிவிப்பு முறையில் 1090 மெகாஹெர்ட்ஸில் தன் இடத்தை நொடிக்கு இரண்டு முறை சொல்கிறது. அந்த இடத்தைத் தானே எவ்வளவு நம்புகிறது என்பதையும் கூடவே சொல்கிறது. இந்த நம்பிக்கை எண்கள் இரண்டு: பிழை எல்லைக்கான உத்தரவாதத்தைச் சொல்லும் என்ஐசி, துல்லியத்தைச் சொல்லும் என்ஏசி-பி. இங்கே பார்ப்பது என்ஐசியை. என்ஐசி 8 என்றால் பிழை வட்டம் 185 மீட்டருக்குள். 7 என்றால் 370 மீட்டருக்குள். 0 என்றால் உத்தரவாதமே இல்லை. நல்ல நாளில் பெரும்பாலான விமானங்கள் 8 காட்டும். ஒரு வட்டாரத்தில் பறப்பவை எல்லாம் ஒரே நேரத்தில் 8-லிருந்து 0-க்கு விழுந்தால் கீழே யாரோ ஜாமரை இயக்குகிறார்கள் என்று பொருள். நம் பக்கம் வேலை கேட்பது மட்டும்தான், எதையும் ஒலிபரப்புவதில்லை. கேட்பதற்கான விதி நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அதைப் பார்த்துக்கொண்டு தொடங்கவும்.

சாமான்கள் குறைவு: ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்), ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, 1090-ஐ மட்டும் விடும் சா (SAW) ஃபில்டருடன் கூடிய முன்பெருக்கி, ஆன்டெனா. ஆன்டெனாவைக் கையாலேயே செய்துவிடலாம். 1090 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 275 மில்லிமீட்டர், அதில் கால் பங்கு 69. கம்பியின் முனை விளைவைக் கழித்து 65 அல்லது 66 மில்லிமீட்டரில் நடுக்கம்பியை வெட்ட வேண்டும். அடியில் அதே நீளத்தில் நான்கு கம்பிகள், 45 டிகிரி கீழ்நோக்கி வளைந்தவை. தட்டையாக விட்டால் மின்மறுப்பு கேபிளுக்குப் பொருந்தும் 50 ஓமுக்கு வெகு கீழே போய்விடும்; வளைப்பது அதற்காகத்தான், அழகுக்கு அல்ல.

கேபிளில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு 0.6 டெசிபெல் தின்கிறது. பத்து மீட்டர் ஓட்டினால் சிக்னலில் கால் பங்குதான் டாங்கிளுக்கு வரும். முன்பெருக்கியை டாங்கிள் பக்கம் வைத்தால் இழந்ததை மீட்க முடியாது, இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குவதுதான் மிச்சம். அதன் இடம் ஆன்டெனாவின் அடி. மின்சாரத்தைக் கேபிள் வழியாகவே, டாங்கிளில் அதற்கென உள்ள பயாஸ்-டீ என்ற சுற்று கொடுக்கும் 4.5 வோல்ட்டில் ஏற்றலாம்.

அடுத்தது கெயின், அதாவது டாங்கிளின் பெருக்கும் அளவு. உச்சத்தில் வைத்தால் தூரம் கூடும் என்பது நம்பிக்கை மட்டுமே. சிக்னலை எண்ணாக மாற்றும் டாங்கிளின் ஏடிசி 8 பிட்; பக்கத்தில் பறக்கும் விமானம் அதை முழுதாக நிரப்பிவிடும், அதே நேரத்தில் வரும் தூரத்துச் சிக்னல் மூழ்கிப்போகும். விமானச் செய்திகளைப் படிக்கும் ரீட்எஸ்பி (readsb) மென்பொருளின் புள்ளிவிவரத்தில், உச்ச அளவை 0 என்று வைத்து −3 டெசிபெல்லுக்கு மேல் வரும் செய்திகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் கெயினை ஒரு படி இறக்க வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் செல்பேசிக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் ஃபில்டர் இல்லாமல் எந்தக் கெயினும் சரிப்படாது. ராஸ்பெர்ரி பைக்கு வோல்டேஜ் குறைந்தால் யூஎஸ்பியில் சாம்பிள்கள் விடுபடும். அப்போதும் பட்டியலில் விமானங்கள் குறையும், அதை ஜாமிங் என்று நினைத்துவிடத் தோன்றும்.

ஆன்டெனா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், 10,700 மீட்டரில் பறப்பதை ஏறக்குறைய 440 கிலோமீட்டர் வரை கேட்கலாம். இரண்டு உயரங்களின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் வரும் கணக்கு இது.

உண்மையான வேலை தரவைச் சலிப்பதில் இருக்கிறது. சலிக்காமல் வரைந்த வரைபடத்தில் உலகமே முடங்கிக் கிடப்பதுபோல் தெரியும். ரீட்எஸ்பி எழுதும் ஜேசன் (JSON) கோப்பில் ஏடிஎஸ்-பி வெர்ஷன் 2 என்று அறிவிக்கும் விமானங்களை மட்டும் வைத்துக்கொள்ளவும். வெர்ஷன் 0-இல் இந்த எண்களின் பொருளே வேறு. எம்லாட் (பல ரிசீவர்களின் நேர வித்தியாசத்தில் கணித்தது), டிஸ்-பி (தரை நிலையம் அனுப்புவது) வழியே வந்த இடங்களை நீக்கவும், அவை விமானம் தானே சொன்னவை அல்ல. பழைய கருவிகள் சில எப்போதும் குறைந்த எண்ணையே அனுப்பும். அதனால் ஒவ்வொரு 24 பிட் முகவரிக்கும், அதாவது விமானத்தின் அடையாள எண்ணுக்கும், பழைய பதிவு தேவை: முன்பு 8 காட்டியது இப்போது விழுந்தால்தான் கணக்கு. சாய்ந்து திரும்பும்போது முதுகில் உள்ள ஆன்டெனா சில செயற்கைக்கோள்களை இழக்கும், எண் சில நொடிகள் இறங்கி ஏறும். ஒரு நிமிடமாவது நீடிக்காததை விட்டுவிடலாம். பிறகு வரைபடத்தை அரை டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து, ஐந்து விமானங்களுக்குக் குறைவான கட்டத்துக்கு நிறம் கொடுக்காமல் விடுவது நல்லது.

குறைந்த என்ஐசியை மட்டும் எண்ணுவது பாதி வேலை. ஜிபிஎஸ் அறவே போனதும் பல விமானங்கள் இடத்தைச் சொல்வதையே நிறுத்திவிடும். உயரமும் முகவரியும் மட்டும் வந்துகொண்டிருக்கும். கோப்பில் கடைசிச் செய்தி ஒரு நொடிக்கு முன், கடைசி இடம் இரண்டு நிமிடத்துக்கு முன் என்று நிற்கும். கடுமையான முடக்கத்தின் அடையாளம் இதுதான். இதை எண்ணாவிட்டால் ஜாமிங் உக்கிரமாகும் இடம் வரைபடத்தில் சுத்தமாகத் தெரியும், ஏனென்றால் அங்கே புள்ளியே விழாது.

உயரத்தையும் கூடவே பதிய வேண்டும். 1,500 மீட்டரில் உள்ள விமானத்துக்குத் தரையிலிருக்கும் ஜாமர் 160 கிலோமீட்டர் வரைதான் தெரியும்; 10,700 மீட்டரில் 425 வரை தெரியும். மேலே பறப்பவை மட்டும் பாதிக்கப்பட்டு, அதே கட்டத்தில் தாழப் பறப்பவை நன்றாக இருந்தால், கருவி பக்கத்தில் இல்லை.

பொய் ஜிபிஎஸ் சிக்னலை அனுப்பி ஏமாற்றும் ஸ்பூஃபிங் வேறு ரகம். பொய் சிக்னலை விமானம் நம்பிவிடுவதால் என்ஐசி 8 அப்படியே நிற்கும், இடம் மட்டும் பொய். கிழக்கு மத்தியதரைக் கடலில் பறந்த விமானங்கள் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகத் தங்களைக் காட்டிக்கொண்டது இந்த வகை. இதைப் பிடிக்க உயர வித்தியாசம் உதவுகிறது. வேகச் செய்தியோடு ஜிபிஎஸ் உயரத்துக்கும் அழுத்த உயரத்துக்கும் உள்ள வேறுபாடும் வருகிறது. ஒரே வட்டாரத்தில் ஒரே மட்டத்தில் பறப்பவற்றுக்குக் காற்று பொது என்பதால் அந்த வேறுபாடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒன்று மட்டும் ஆயிரக்கணக்கான அடி விலகினால் சந்தேகப்படலாம். ஆனால் ஒரு புள்ளி திடீரென்று நூறு கிலோமீட்டர் தாவினால் அவசரப்படக் கூடாது. இடம் இரட்டை, ஒற்றை எனச் செய்திகள் இணையாக வந்துதான் கணிக்கப்படுகிறது. பொருந்தாத இணை இப்படித்தான் தாவும். இரண்டு பிட் பிழையைத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டால் பேய் விமானங்களில் பெரும்பகுதி காணாமல் போகும்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது ராணுவப் பொறியியல் எங்கே நகர்கிறது என்பது விளங்கும். பல மூலக ஆன்டெனா (சிறு ஆன்டெனாக்கள் பல சேர்ந்தது) கோட்பாட்டளவில் மூலகங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவான ஜாமர்களின் திசைகளை அடைக்கும்: நான்குக்கு மூன்று, எட்டுக்கு ஏழு. ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களின் சிக்னலில் வரும் கையொப்பச் சோதனை ஸ்பூஃபிங்குக்கு மருந்து, ஜாமிங்குக்கு அல்ல. இந்த இரண்டையும் குழப்பாத விளம்பரம் அபூர்வம். உக்ரைன் போரில் ரேடியோவையே கைவிட்டு ஒளியிழைக் கேபிளை அவிழ்த்துக்கொண்டு பறக்கும் ட்ரோன்கள் வந்தது, முடக்க ஏதும் மிச்சமில்லாமல் செய்துவிட. அதற்கு விலை தூரத்திலும் சுமக்கும் எடையிலும் போகிறது. எந்த ஆயுதம் எதை ஏந்தியிருக்கிறது என்று இந்த ரிசீவர் சொல்லாது. ராணுவ விமானங்கள் பலவும் ஏடிஎஸ்-பியை அணைத்துவிட்டுத்தான் பறக்கும்.

அடுத்ததாக இதே பெட்டியில் யூ-பிளாக்ஸ் ஜிபிஎஸ் மாட்யூல் ஒன்றைச் சேர்த்து, அதன் ஏஜிசி (தானே கூடிக் குறையும் பெருக்கம்) அளவையும் ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல்-இரைச்சல் விகிதத்தையும் நொடிக்கு ஒரு முறை பதிய வேண்டும். தொலைவு ஜாமர் தொடுவானத்துக்குக் கீழே மறைந்திருப்பதால் கூரையில் ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது. மேலே விமானங்களின் என்ஐசி விழுந்து கூரை மாட்யூலின் அளவுகள் அசையாமல் இருந்தால் முடக்கம் தூரத்தில். விமானங்கள் நன்றாக இருந்து கூரை மாட்யூலின் அளவுகள் மட்டும் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது வீட்டில் உள்ள மலிவு யூஎஸ்பி 3 கேபிளையும் பவர் அடாப்டரையும்.