பள்ளி திறப்பதற்குள் எவற்றை விடலாம்?

அக்னி நட்சத்திரம் முடியும் மே மாதக் கடைசி வாரத்தில், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே மாதிரியான பரபரப்பு தொடங்கிவிடுகிறது. தைக்கக் கொடுத்த சீருடை வந்துவிட்டதா, சென்ற ஆண்டு வாங்கிய ஷூ இன்னும் காலுக்குச் சேர்கிறதா, வேன் கட்டணம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற விசாரிப்புகளுக்கு நடுவே, பள்ளி திறந்த பிறகு அன்றாட வாழ்க்கை எப்படி நடக்கப்போகிறது என்று யோசிக்க யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. வேலைக்குச் செல்லும் நாங்கள் இருவர், ஆறாம் வகுப்புக்குப் போகும் மகள், இரண்டாம் வகுப்புக்குப் போகும் மகன், எங்களுடன் இருக்கும் என் மாமியார் என ஐந்து பேர் வாழும் எங்கள் சென்னைப் புறநகர் வீட்டில், சில ஆண்டுகளாக இந்த வாரத்தை வேறொரு வேலைக்கென்று ஒதுக்கிவைக்கிறோம். வாங்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதற்கு முன்பாக, இந்த ஆண்டு விட்டுவிட வேண்டியவை எவை என்று எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறோம்.

வாழ்க்கையை எளிமையாக்குவது என்றால் அடுக்கிவைக்கப் புதிய டப்பாக்கள் வாங்குவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பள்ளி நாட்களில் ஒரு வீட்டைக் களைப்படையச் செய்வது பொருட்களின் குவியலைவிட, காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் எடுக்க வேண்டியிருக்கும் முடிவுகளின் குவியல்தான். என்ன சமைப்பது, எந்தச் சீருடை, இன்று யார் வேனில் ஏற்றிவிடுவது, கையெழுத்துப் போட வேண்டிய தாள் எங்கே என்ற முடிவுகளில் எத்தனை முந்தைய நாளுக்கோ, முந்தைய வாரத்துக்கோ, மே மாதத்துக்கோ நகர்கின்றனவோ அத்தனைக்கு அந்த இரண்டு மணி நேரம் அமைதியாகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் சரிசெய்ய வேண்டியது தூக்கம். கோடை விடுமுறையும் ஐபிஎல் ஆட்டங்களும் ஒன்றாக வருவதால், இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் பதினொன்றைத் தாண்டி முடியும்வரை பிள்ளைகளும் விழித்திருக்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய குழந்தை இரவு ஒன்பது மணிக்குத் தூங்கியிருந்தால்தான் அதில் குறைந்தபட்ச அளவே கிடைக்கும். ஆகவே பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே படுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவருகிறோம். எழும் நேரத்தையும் அதற்கு ஏற்ப மாற்றுகிறோம். இதைச் செய்யாத வீடுகளில் ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள் அழுகையிலும் அதட்டலிலும் கழிவதைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் போதாத குழந்தையிடம் எந்த ஒழுங்கையும் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

அடுத்தது சமையலறை. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் காலை நேரத்து நெருக்கடியில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. எங்கள் வீட்டில் காலை உணவை மாவே தீர்மானிக்கிறது. சனிக்கிழமை மாலை கிரைண்டரில் அரைத்த மாவு ஞாயிறன்றும் திங்களன்றும் இட்லிக்கு உகந்ததாக இருக்கும். செவ்வாயன்று தோசைக்குப் பொருந்தும். புதனன்று புளிப்பு ஏறிய மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து ஊத்தப்பமாகவோ குழிப்பணியாரமாகவோ செய்துவிடலாம். வியாழனுக்கு வெண்பொங்கல், வெள்ளிக்கு ரவா உப்புமா என்று முடித்தால், வாரம் முழுவதும் “நாளைக்கு என்ன?” என்ற கேள்வி எழுவதே இல்லை. ஒரே உணவு வாராவாரம் வந்தால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும் என்று தோழிகள் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சலிப்பதைவிடப் பெரியவர்களுக்குத்தான் சலிக்கிறது என்பது என் கணிப்பு. இன்று புதன்கிழமை, பணியாரம் உண்டு என்று தெரிந்திருப்பதில் குழந்தைகளுக்கு ஒரு நிம்மதி இருக்கிறது.

மதிய உணவுக்கு நாங்கள் கவனிப்பது இரண்டே விஷயங்களை. மூடியைத் திறந்தால் சிந்தாமல் இருக்க வேண்டும். குறுகிய உணவு இடைவேளைக்குள் ஒரு சிறு குழந்தை தானாகச் சாப்பிட்டு முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ரசம் சாதமும் எலும்புள்ள மீனும் எவ்வளவு பிடித்தாலும் விடுமுறை நாளுக்கு உரியவை. தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது என்று ஒதுக்குகிறவர்கள், சோற்றைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துப் பிசைந்து அனுப்பிப் பார்க்கலாம். மணியடிக்கும் நேரத்துக்கு அது பக்குவமாகத் தோய்ந்திருக்கும். மே மாதத்து ஓய்வில் என் மாமியார் நல்லெண்ணெய் விட்டுச் செய்துவைக்கும் புளிக்காய்ச்சலும், வறுத்துத் திரித்த பருப்புப் பொடியும் ஜூன் மாதம் முழுவதும் எங்களைக் காப்பாற்றுகின்றன. சோறு மட்டும் தயாராக இருந்தால் போதும், டப்பா நிறைந்துவிடும்.

காலை உணவு எவ்வளவு பெரிய சுமை என்பதை அரசும் உணர்ந்திருக்கிறது என்பதற்கு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் சான்று. முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த அத்திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவடைந்தது. எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர் விடியற்காலையிலேயே வேலைக்கு வந்துவிட வேண்டியவர். தன் மகன் பள்ளியில் சூடாகச் சாப்பிடுகிறான் என்ற நினைப்பே தனக்குப் பாதி பலம் என்று அவர் என்னிடம் சொன்னார். குடும்ப வாழ்க்கையை எளிமையாக்கும் பொறுப்பு முழுவதையும் குடும்பத்தின் தலையிலேயே சுமத்திவிட முடியாது என்று அவர் பேச்சைக் கேட்ட பிறகு இன்னும் உறுதியாக நினைக்கிறேன்.

இனி நான் மிக முக்கியம் என்று கருதும் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு வேலைகளைச் செய்வது ஒரு பாரம்; அவற்றை நினைவில் வைத்திருப்பது அதைவிடப் பெரிய பாரம். புதன்கிழமை வெள்ளைச் சீருடை, வெள்ளிக்கிழமை நூலகப் புத்தகம், பத்தாம் தேதிக்குள் வேன் கட்டணம், அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம், வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு வந்த சார்ட் பேப்பர் செய்தி என அனைத்தும் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒருவரின் தலைக்குள்தான் இருக்கின்றன. அந்த ஒருவர் பெரும்பாலும் தாயாகவே இருக்கிறார். கணவர் உதவுகிறார் என்றாலும், எதைச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தால் நினைவின் சுமை குறைவதில்லை. எனவே நாங்கள் வேலைகளைப் பிரிக்காமல் பொறுப்புகளைப் பிரித்தோம். சீருடை, ஷூ, இஸ்திரி, பள்ளிக் கட்டணம், வகுப்பு வாட்ஸ்அப் குழுக்கள் ஆகியவை முழுவதும் என் கணவருடையவை. எந்தக் கிழமைக்கு எந்தச் சீருடை என்பது இப்போது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயல்வதில்லை. சமையலும் மருத்துவமும் பாடங்களைக் கவனிப்பதும் என்னுடையவை. மாலையில் பிள்ளைகள் திரும்பி வரும்போது வீட்டில் இருப்பது மாமியார் என்பதால், தின்பண்டமும் விளையாட்டு நேரமும் அவர் முடிவு. அதில் நாங்கள் இருவரும் தலையிடுவதில்லை.

எல்லோருக்கும் பொதுவானது சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் மாதக் காலண்டர். தேதிக் கட்டங்கள் பெரிதாக உள்ள, மளிகைக் கடையில் கொடுக்கும் சாதாரண காலண்டர்தான். பள்ளியிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் அது முதலில் அந்தக் கட்டத்துக்குள் எழுதப்பட வேண்டும். கைப்பேசியிலும் இதைச் செய்யலாம் என்பதை அறிவேன். ஆனால் கைப்பேசி இல்லாத மகனும், அதைப் பார்க்க விரும்பாத மாமியாரும் இந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த குழந்தை தன் நாளைத் தானே தெரிந்துகொள்ள முடிய வேண்டும்.

புத்தகப் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையின் எடை குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று ஒன்றிய அரசின் பள்ளிப் பைக் கொள்கை 2020 வகுத்திருக்கிறது. அதாவது 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டரை கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோவுக்கு மேல் ஆகிவிடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வரம்பு எவ்வளவு விரைவில் நிரம்பும் என்பது புரியும். பள்ளியில் நல்ல குடிநீர் கிடைப்பதை விசாரித்து உறுதிசெய்துகொண்டு, அரை லிட்டர் பாட்டிலைக் கொடுத்தனுப்பி, தீர்ந்ததும் அங்கேயே நிரப்பிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, பருவத்துக்கு ஒரு புத்தகம் என்று பாடநூல்கள் பிரிக்கப்பட்டதற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம். இரவு படுக்கும் முன் கால அட்டவணையைப் பார்த்து மறுநாளுக்கு வேண்டியவற்றை மட்டும் அடுக்குவது பிள்ளைகளின் சொந்த வேலை. அட்டவணையை நாங்கள் பார்ப்பதில்லை; ஒரு நோட்டு விடுபட்டால் அதை அவர்களே ஆசிரியரிடம் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டாம் வகுப்பு மகனுக்கு வீட்டுப்பாடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்திலேயே உத்தரவிட்டிருக்கிறது, பெற்றோர் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை.

விட்டுவிடுவதில் கடினமானது மாலை வகுப்புகள்தான். இந்தி, அபாகஸ், கீபோர்டு, கராத்தே, கையெழுத்துப் பயிற்சி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நல்லவையாகவே தெரிகின்றன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் போகும்போது நம் பிள்ளை மட்டும் பின்தங்கிவிடுமோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆனாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்பு, அதுவும் அவர்களே தேர்ந்தெடுத்தது என்று வரம்பு வைத்தோம். மகள் இந்தியைத் தேர்ந்தெடுத்தாள். தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் தேர்வுகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடப்பதால், பள்ளி திறந்த உடனேயே ஆகஸ்ட் தேர்வுக்கான பயிற்சி தொடங்கிவிடும் என்பதைச் சொல்லித்தான் முடிவெடுக்கச் செய்தோம். இந்த ஆண்டு அவள் ஆகஸ்டை விட்டுவிட்டுப் பிப்ரவரியில் எழுதுகிறேன் என்றாள். ஆறாம் வகுப்பின் புதிய பாடங்களுக்கு முதலில் பழகிக்கொள்ள வேண்டுமாம். அந்த முடிவை நான் மதிக்கிறேன். மகன் எந்த வகுப்பையும் தேர்ந்தெடுக்கவில்லை. கீழே மற்ற பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடுகிறான்.

கடைக்குப் போவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்கள் தளத்தில் உள்ள குடும்பங்களின் தேவைகளைச் சேர்த்து எழுதிக்கொண்டு, பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு, பந்தர் தெருப் பக்கம் இருவர் மட்டும் சென்று, நோட்டுகளையும் பழுப்பு அட்டைத் தாளையும் மொத்தமாக வாங்கி வந்துவிடுகிறார்கள். பழைய நோட்டுகளில் எஞ்சிய வெற்றுத் தாள்களைப் பிரித்துத் தைத்தால் ரஃப் நோட்டு கிடைக்கிறது. அட்டை போடுவதும் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் பிள்ளைகளின் வேலை, ஓரம் கோணலாக இருந்தாலும் நாங்கள் திருத்துவதில்லை. சீருடையில் மட்டும் உள்மடிப்புத் துணியைத் தாராளமாக விட்டுத் தைக்கச் சொல்கிறோம், பிரித்துவிட்டால் மறு ஆண்டுக்கும் போதும்.

இந்த ஆண்டு நாங்கள் முடிவெடுக்காமல் ஒத்திவைத்திருப்பது ஒன்றே ஒன்று. வேனில் போகாமல் சைக்கிளில் பள்ளிக்குப் போக வேண்டும் என்று மகள் கேட்கிறாள். அவள் நேரமும் எங்கள் பணமும் மிச்சமாகும், ஆனால் வழியில் லாரிகள் செல்லும் பெரிய சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். முதல் பருவம் முழுவதும் சனிக்கிழமைகளில் அவள் அப்பா அவளோடு அந்த வழியில் சைக்கிளில் சென்று வருவார். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பாக, காலாண்டுத் தேர்வு விடுமுறையில், காலண்டருக்கு முன்னால் மீண்டும் எல்லோரும் உட்காரும்போது அவளுக்குப் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறோம்.